பணிவிடையின் நேரக் கணக்கு

பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் செய்யும் பணிவிடையைக் கடிகாரத்தை வைத்து அளக்கலாமா? இக்கேள்வி நம்மவருள் பலருடைய செவிக்கு இனிதாய் இராது. பணிவிடையை வணக்கமாகக் கருதும் சமுதாயம் நாம். வணக்கத்துக்குக் கூலி கேட்பார் இல்லை. ஆகவே அதற்குக் கணக்கு வைப்பாரும் இல்லை. ஆயினும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். முதியோருக்காகச் செலவாகும் பணத்தை உலகம் நூறாண்டுகளுக்கு மேலாகக் கணக்கிட்டு வந்திருக்கிறது. அவர்களுக்காகச் செலவாகும் நேரத்தையோ மிக அண்மைக் காலத்தில்தான் எண்ணத் தொடங்கியது. எண்ணத் தொடங்கிய பின்னரே அந்த நேரம் யாருடைய வாழ்விலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் தெரியவந்தது. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதியை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் மட்டுமே அறிந்த சட்டங்கள்

முதுமைக்கென அரசு ஏற்பாடு ஒன்றைச் சட்டமாக்கிய முன்னோடி நாடு ஜெர்மனி. பிஸ்மார்க் தலைமையமைச்சராய் இருந்த 1889ஆம் ஆண்டில் முதுமை, உடல் இயலாமை ஆகியவற்றுக்கான காப்பீட்டுச் சட்டம் அங்கே நிறைவேறியது. 70 வயதை எட்டிய தொழிலாளிக்கு அச்சட்டம் ஓய்வூதியம் தந்தது. அவ்வயதை எட்டியவர் மிகச் சிலரே. எட்டியவரும் நெடுங்காலம் படுக்கையில் கிடந்து வாழ்ந்தவர் அல்லர். எனவே பணம் கொடுத்தால் போதும், மற்றதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் எண்ணியதில் வியப்பில்லை.

அந்த எண்ணம் பின்வந்த சட்டங்களிலும் நிலைத்தது. இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோருக்கு ஜீவனாம்சம் வழங்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மீது சுமத்தியது. நம் மக்கள் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் தீர்ப்பாயங்களை அமைக்க வழி செய்து, மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பையும் வகுத்தது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகிய அனைத்தையும் பராமரிப்பு என்ற சொல்லுக்குள் அடக்கியது. ஆனால் அந்த உணவை ஊட்டுவது யார், உடையை மாற்றிவிடுவது யார், மருத்துவமனையில் நாள் முழுதும் காத்திருப்பது யார் என்ற கேள்விகள் சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நின்றன. பணம் அனுப்பிய மகன் கடமை முடித்தவனாகிறான். கையால் செய்த மகளும் மருமகளும் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவம் வளர்ந்தது, ஆயுளும் நீண்டது. முன்னர் சில நாட்களில் உயிரைப் பறித்த நோய்கள் இப்போது ஆளை விட்டு, ஆற்றலை மட்டும் பறித்துச் சென்றன. பல ஆண்டுகள் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் முதுமை பரவலாயிற்று. அந்நிலையை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தின் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஸிட்னி காட்ஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் அதனை வகுத்து 1963இல் வெளியிட்டனர். இடுப்பெலும்பு முறிந்த முதியோர் முதலானவர்களைக் கவனித்துப் பெற்ற பட்டறிவு அது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்கிக்கொள்ளுதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களில் எவற்றைப் பிறர் துணையின்றிச் செய்கிறார் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. இன்றளவும் உலகெங்கும் மருத்துவர்கள் இந்த ஆறினையே முதலில் வினவுகின்றனர்.

1969இல் பவல் லாட்டன், எலேன் பிராடி ஆகிய இருவர் மற்றும் எட்டுச் செயல்களைச் சேர்த்தனர். தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், பயணம் செய்தல், மருந்தைத் தவறாது உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என்பன அவை. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சமையல், வீட்டு வேலை, துவையல் ஆகிய மூன்றையும் ஆண்களிடம் அவ்விருவரும் முதலில் கேட்கவில்லை. ஆண்களுக்கு ஐந்து வினாக்களே. அவை ஆடவர் செய்பவை அல்ல என்று கருதப்பட்டதே காரணம். நேரக் கணக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிலவும் வேறுபாட்டின் சாயல் அளவுகோலிலேயே படிந்திருந்தது.

இவ்விரண்டு அளவுகோல்களும் முதியவரையே நோக்கின. அவரால் எது இயலும், எது இயலாது என்று கூறின. இயலாததைச் செய்து முடிக்க மற்றொருவருக்கு எவ்வளவு பொழுது ஆகும் என்று கூறவில்லை. பணிவிடை செய்பவரை நோக்கிக் கேள்விகள் திரும்பியது 1980ஆம் ஆண்டையொட்டித்தான். அவ்வாண்டில் ஸ்டீவன் ஸாரிட் என்பாரும் அவருடன் ஆய்வு செய்தோரும், முதுமை மறதி நோயால் தாக்குண்ட 29 பேரையும் அவர்களைப் பேணியவர்களையும் ஆராய்ந்தனர். நோயின் கொடுமை மிக மிகப் பேணுபவரின் பாரமும் மிகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். அவர்கள் கண்டதோ வேறு. பாரத்தின் ஏற்றத்தாழ்வோடு தொடர்புற்றிருந்தது நோயாளியின் நடத்தைக் கோளாறு அன்று. குடும்பத்தின் ஏனையோர் எத்துணை முறை வந்து பார்த்துச் சென்றனர் என்பதே. வருகை மிகுந்த வீட்டில் பாரம் குறைந்திருந்தது. ஆய்வு சிறிது, அது சொன்ன பாடம் சிறிதன்று.

அதற்கு அடுத்த ஆண்டில், மறதி நோயாளிகளின் குடும்பத்தார்க்கென நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் ஆகியோர் எழுதிய நூல் ஒன்று வெளிவந்தது. அவர்கள் அதற்கு இட்ட தலைப்பு, நாளொன்றுக்கு 36 மணி என்னும் பொருளுடையது. 24 மணி நேரத்தில் அடங்காத பொழுதை அத்தலைப்பு உரைத்துவிட்டது.

நிமிடத்தைச் சட்டமாக்கிய நாடு

இனி, இவ்வரலாற்றின் மையத்துக்கு வருவோம். ஓய்வூதியத்தில் முன்னோடியாய் நின்ற அதே ஜெர்மனியில், நெடுநாட் பராமரிப்பு தேவைப்பட்ட முதியோரின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. நோய்க்குக் காப்பீடு இருந்தது, தளர்ச்சிக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால், இல்லத்தின் கட்டணம் அவருடைய ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் விழுங்கியது. ஈற்றில் ஏழையருக்கு அரசு வழங்கும் உதவிக்குக் கையேந்த நேர்ந்தது. முதியோர் நலத்துக்கான ஓர் அமைப்பு 1974இல் வெளியிட்ட அறிக்கையோடு இதுபற்றிய பொது விவாதம் தொடங்கியது. இருபதாண்டு வாதத்துக்குப் பின்னர், ஹெல்முட் கோல் ஆட்சியில் தொழில் அமைச்சராய் இருந்த நோர்பெர்ட் புளூம் முன்னின்று நடத்த, 1994இல் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1995 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் பேணப்படுவோர்க்கு அவ்வாண்டு ஏப்ரல் முதல் உதவி கிடைத்தது.

இதற்கான சந்தாவில் பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் செலுத்த வேண்டும். முதலாளிகளின் சுமையை ஈடுசெய்ய, நவம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில் வரும் கிறிஸ்தவப் பிரார்த்தனைத் திருநாள் விடுமுறையை நாடு விட்டுக்கொடுத்தது. ஸாக்ஸனி மாநிலம் மட்டும் விடுமுறையை வைத்துக்கொண்டு தொழிலாளரிடம் சந்தாவை அதிகமாய்ப் பெற்றது. முதியோருக்காக ஆண்டில் ஒரு நாள் கூடுதலாக உழைக்க ஒரு தேசம் இசைந்தது என்று இதனைச் சொல்லலாம்.

உதவி யாருக்கு, எவ்வளவு என்பதை முடிவு செய்ய அச்சட்டம் நேரத்தையே அளவாகக் கொண்டது. அந்த நேரம் மருத்துவருடையதன்று, தாதியருடையதும் அன்று. பயிற்சி பெறாத ஒரு குடும்பத்தினருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதே அளவை. நாளொன்றுக்குச் சராசரி 90 நிமிடம் தேவைப்பட்டால் முதற்படி. அதில் உடலைப் பேணும் பணிக்கு 45 நிமிடத்துக்கு மேல் இருத்தல் வேண்டும். 3 மணி தேவைப்பட்டு, அதில் 2 மணி உடற்பணியாயின் இரண்டாம் படி. 5 மணி தேவைப்பட்டு, அதில் 4 மணி உடற்பணியாயின் மூன்றாம் படி. வீட்டிலேயே உறவினர் பேணினால் மாதம் முறையே 400, 800, 1300 மார்க் பணமாகக் கிடைத்தது. வெளியிலிருந்து பணியாளர் வந்தாலோ 750, 1800, 2800 மார்க் வரை காப்பீடு செலவிட்டது. உறவினரின் உழைப்பு ஏறத்தாழப் பாதி விலைக்கே மதிக்கப்பட்டது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து பார்த்துக் கணக்கிடுவார். அவருக்கென 1997இல் வழிகாட்டி அளவுகள் வகுக்கப்பட்டன. உடல் முழுதும் கழுவிவிட 20 முதல் 25 நிமிடம். பல் துலக்கிவிட 5 நிமிடம். தலைவாரிவிட 1 முதல் 3 நிமிடம். உடை முழுவதையும் அணிவிக்க 8 முதல் 10 நிமிடம். ஒரு வேளை உணவை ஊட்ட 15 முதல் 20 நிமிடம். தக்க காரணம் காட்டினால் இவற்றினின்று விலகலாம் என்றும் விதி இருந்தது. மதிப்பீட்டாளர் வருமுன், பராமரிப்பு நாட்குறிப்பு ஒன்றை எழுதி வைக்குமாறு குடும்பத்தார்க்கு அறிவுறுத்தப்பட்டது. தாயின் தலைவாரிய நிமிடங்களை மகள் ஏட்டில் எழுதினாள். வரலாற்றில் அதற்குமுன் இத்தகைய ஏடு பெருமளவில் எழுதப்பட்டதில்லை எனலாம்.

நிமிடத்துக்குள் அடங்காதவை

கணக்கு வந்ததும் வழக்கும் வந்தது. உடற்பணி 45 நிமிடம் என்றால் உதவி இல்லை. 46 என்றால் உண்டு. அந்த ஒரு நிமிடத்துக்காகக் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறின. இதனினும் பெரிய குறை வேறொன்று. சட்டத்தில் பெயர் குறித்த செயல்கள் மட்டுமே எண்ணப்பட்டன. குளியலறைக்குக் கைத்தாங்கலாக நடத்திச் சென்றால் நேரம் கணக்கில் ஏறும். காற்று வாங்கத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றால் ஏறாது. அருகமர்ந்து பேசுதல் ஏறாது. யாவற்றினும் மேலாக, மறதி நோயுற்றவர் அடுப்பைத் திறந்துவிடாமலும் நள்ளிரவில் தெருவுக்குப் போய்விடாமலும் விழித்திருந்து காத்தல் ஏறாது. பொதுவான கண்காணிப்பு கணக்கிடத்தக்கதன்று என்றே நீதிமன்றங்களும் சட்டத்தைப் பொருள் கொண்டன. கை கால் நன்றாக இருந்து அறிவு மங்கியவரைப் பேணுபவர், நாள் முழுதும் ஓய்வின்றி இருந்தும் முதற்படியைக்கூட எட்டாத நிலை உண்டாயிற்று.

மற்றொரு முரணும் தோன்றியது. பக்கவாதத்தால் தளர்ந்தவர் தம் சட்டையைத் தாமே அணிய முயலும்போது, அருகிருந்து சொல்லிக் கொடுப்பதற்கு அதிக நேரம் பிடிக்கும். நாமே அணிவித்துவிட்டால் விரைவில் முடியும். வழிகாட்டி அளவோ முழுதும் பிறரே செய்துவிடும் நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. விரைவை மதிக்கும் கடிகாரம், முதியவரின் எஞ்சிய ஆற்றலைக் காக்கும் பொறுமையை மதிக்கத் தவறியது.

குறையை உணர்ந்தவர்கள் திருத்தவும் முற்பட்டனர். 2002இல் மறதி நோயாளர் முதலானோர்க்கு ஆண்டுக்கு 460 யூரோ கூடுதல் உதவி வந்தது. 2006இல் அமைந்த வல்லுநர் குழு, பராமரிப்புத் தேவை என்பதன் இலக்கணத்தையே மாற்ற வேண்டுமென 2009இல் அறிக்கை தந்தது. இறுதியில் 2017 ஜனவரி முதல் நிமிடக் கணக்கு கைவிடப்பட்டது. நடமாட்டம், அறிவுத் தெளிவு, நடத்தை, தன்னைப் பேணல், மருத்துவத்தைக் கையாளல், அன்றாட வாழ்வையும் உறவையும் அமைத்துக்கொள்ளல் ஆகியவற்றில் எவ்வளவு சுயமாக இயங்குகிறார் எனப் புள்ளியிட்டு, ஐந்து தரங்களாகப் பிரிக்கும் முறை வந்தது. பழைய முறையில் உதவி பெற்று வந்தவர் எவரும் அதை இழக்காதவாறு பாதுகாப்பும் செய்யப்பட்டது. 22 ஆண்டுகள் நிமிடத்தை எண்ணிய நாடு, நிமிடம் மட்டும் போதாது எனக் கற்றுக்கொண்டது.

அண்டை நாடான ஆஸ்திரியா 1993 முதலே மாதாந்திர மணிக்கணக்கில் உதவித்தொகை வழங்கி வந்தது. மணிக்கணக்கை அது கைவிடவில்லை. மாறாக, 2009இல் மறதி நோயாளர்க்கு மாதம் 25 மணி நேரத்தைக் கூட்டிக் கணக்கிட்டது. ஜப்பான் 2000 ஏப்ரலில் தன் காப்பீட்டைத் தொடங்கியபோது, நிமிட மதிப்பீட்டைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது. ஆனால் குடும்பத்தார் கையில் பணம் கொடுக்க மறுத்துவிட்டது. பணம் கொடுத்தால் மருமகள் மாமியாரின் படுக்கையோடு கட்டுண்டு போவாள் என்று ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். பணமாகத் தருவதா, ஆளாகத் தருவதா என்ற வழக்குக்கு உலகம் இன்னும் ஒருமுகமான தீர்ப்புக் கூறவில்லை.

பேணியவளின் முதுமை

ஜெர்மானியச் சட்டத்தில் நம் கருத்தைக் கவர வேண்டிய பகுதி மற்றொன்று. வீட்டில் வாரத்துக்குக் குறைந்தது 14 மணி நேரம் ஒருவரைப் பேணி, அதன்பொருட்டுத் தன் வேலையைக் குறைத்துக்கொண்டவருக்கு, பராமரிப்புக் காப்பீடே ஓய்வூதியச் சந்தாவைச் செலுத்தியது. 2017இல் இந்த எல்லை 10 மணியாகக் குறைக்கப்பட்டது. 2008இல் வந்த பிறிதொரு சட்டம், உறவினரைப் பேணுவதற்காக ஆறு திங்கள் வரை வேலையிலிருந்து விலகி நிற்கவும் வழி செய்தது. தாயைப் பேணிய மகளும் ஒருநாள் முதியவளாவாள். பேணிய ஆண்டுகள் அவளுடைய முதுமையை வறுமையாக்கிவிடக் கூடாது என்பதே இதன் கருத்து. நேரத்தைக் கணக்கிட்டிராவிட்டால் இந்த நீதி தோன்றியிராது. கணக்கின் குறைகளைக் கண்டவர்கள் அதன் நன்மையையும் காணவேண்டும்.

நம் நாட்டிலும் கணக்கு முளைவிட்டிருக்கிறது. 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு முன்னோட்ட ஆய்வு நடந்தது. 2019இல் நாடு முழுவதற்குமான ஆய்வை அரசு நடத்தியது. 2024இல் மீண்டும் நடத்தியது. அதிகாலை 4 மணி தொடங்கி, அதாவது சுப்ஹு பாங்குக்கு முன்னரே தொடங்கி, மறுநாள் 4 மணி வரை ஒவ்வொரு அரைமணியும் எவ்வாறு கழிந்தது என்று அது கேட்டது. 2019 ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டனர். குடும்பத்தினரைப் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்களுக்கு 134 நிமிடம்; ஆண்களுக்கு 76 நிமிடம். குழந்தைகளைப் பேணுவதும் முதியோரைப் பேணுவதும் இதில் ஒன்றாகவே அடங்கியுள்ளன.

நாம் செய்யத்தக்கது

நம் ஊர்களில் ஆண்கள் கடல் கடந்து பொருளீட்டும் வழக்கம் பழமையானது. அன்று இலங்கையும் பர்மாவும் மலாயாவும். பின்னர் வளைகுடா நாடுகள். பொருள் அங்கிருந்து வந்தது. பொழுது இங்கே செலவாயிற்று. பணவிடைத்தாளில் எழுதிய தொகை யாவர்க்கும் தெரியும். இரவில் மும்முறை எழுந்து மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்த மருமகளின் பொழுது எத்தாளிலும் எழுதப்படவில்லை. தாயாரை ஐவேளையும் ஒளுச் செய்வித்துத் தொழவைக்க வேளைக்குப் பத்து நிமிடம் என்றாலும் நாளுக்கு 50 நிமிடம் ஆகிறது. ஜெர்மானியர் வகுத்த முதற்படியின் உடற்பணி எல்லையை அது ஒன்றே கடந்துவிடும்.

பெற்றோருக்கு நன்மை செய்தல் ஒவ்வொரு பிள்ளையின்மீதும் தனித்தனியே விதிக்கப்பட்ட கடமை. ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கிவிடும் பர்ளு கிஃபாயா அன்று அது. நடைமுறையிலோ வீட்டிலிருக்கும் ஒருத்தி செய்வதால் மற்றனைவரும் விடுதலை பெற்றவர்போல் வாழ்கிறோம். இதை உணர்த்துவதற்கேனும் ஒரு கணக்கு வேண்டும்.

அக்கணக்கு அரசுக்குக் காட்டுவதற்கன்று. உடன்பிறந்தார் கூடி அமர்ந்து பார்ப்பதற்கு. ஒரு வாரம் குறித்து வைத்தால் போதும். உடலைத் தொட்டுச் செய்யும் பணிக்கு எவ்வளவு. மருந்துக்கும் மருத்துவருக்கும் அலைந்தது எவ்வளவு. விழித்துக் காத்திருந்தது எவ்வளவு. இவையெல்லாம் யாருடைய பொழுது. ஜெர்மனி எண்ணத் தவறிய மூன்றாவதை நாம் தவறாது எண்ண வேண்டும். எண்ணிய பின்னர், தொலைவில் உள்ள மகன் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தலாம். அண்டை ஊரில் உள்ள மகள் வாரம் இருநாள் வந்து தங்கலாம். விடுமுறைக்கு வருபவர் அத்திங்களின் இரவுகளை ஏற்றுக்கொள்ளலாம். ஏதும் இயலாதார் அடிக்கடி வந்து பார்க்கவேனும் செய்யலாம். அவ்வருகையே பாரத்தைக் குறைக்கும் என்பதை அந்த 29 பேரின் வீடுகள் காட்டியிருக்கின்றன.

தலைவாரிவிடும் அன்புக்கு நிமிடம் இல்லை, உண்மை. ஆனால் தலைவாரிவிடும் கைக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை அவளுக்குத் தர வேண்டியவர் யார் என்பதை, பணிவிடை நடக்கும் ஒவ்வொரு வீடும் இன்றே பேசித் தீர்மானித்துக்கொள்ளட்டும்.